மாடு முதலில் குடியேறட்டும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். பெரிய வீட்டை விற்றுவிட்டு, ஊருக்கு வெளியே இரண்டே அறைகள் உள்ள ஒரு வீட்டுக்கு நானும் கணவரும் வந்து 11 நாட்கள் ஆகின்றன. ஒன்பது மாடுகள் நின்ற இடத்தில் இப்போது இரண்டு கறவைகளும் ஒரு கிடேரியும்தான். வயதாகிறது, இனி இவ்வளவு போதும் என்று யோசித்து எடுத்த முடிவு. ஆனால் வந்த நாள் முதல் எதுவும் சரியாக அமையவில்லை. மூத்த பசு இரவெல்லாம் கத்துகிறது. பால் பாதியாகிவிட்டது. புதிய தொழுவத்துக்குள் நுழைய ஒவ்வொரு முறையும் அடம்பிடிக்கிறது. வீட்டுக்குள் பெட்டிகளுக்கு நடுவே பக்கவாட்டில்தான் நடக்கிறோம். “இதுகளையும் கொடுத்துவிட்டால் நிம்மதி” என்கிறார் கணவர். சின்ன வீட்டுக்கு வந்தது தப்பா, மாடுகளை வைத்துக்கொண்டது தப்பா? நீங்களும் இப்படி இடம் மாறியவர் என்று முன்பு எழுதியிருந்தீர்கள். உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

11 நாளில் எந்த முடிவும் வேண்டாம். மாட்டைக் கொடுக்க ஒரு காலைப்பொழுது போதும். மனம் மாறினால் அதே மாடு திரும்பி வராது.

பால் குறைந்ததற்கு வருவோம். மடியில் பால் இருந்தாலும் மாடு அதை இறக்கிவிட வேண்டும். மடியைத் தடவிக் கழுவும்போது பாலை இறக்கும் ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் சுரந்து, ஒரு நிமிடம் போல ஆனதும் பால் இறங்கும். மாடு மிரண்டிருந்தால், பயத்தில் சுரக்கும் அட்ரினலின் என்ற ஹார்மோன் குறுக்கே வந்து அதைத் தடுத்துவிடும். புது இடம், புது வாசனை, புது எதிரொலி எல்லாமே அதற்கு மிரட்சிதான். ஆகவே கறக்கும் நேரத்தை மாற்றாதீர்கள், கறக்கும் கையையும் மாற்றாதீர்கள். பழைய வீட்டில் இருந்த அதே வாளி, அதே கயிறு, அதே பேச்சு. புது வீட்டுக்குப் புது வாளி வாங்கியிருந்தால் அது கொஞ்ச நாள் மூலையில் இருக்கட்டும்.

கத்துவது வேறு சங்கதி. மாடு கூட்டமாக வாழும் பிராணி. ஒன்பதில் ஆறு காணாமல் போயிருக்கின்றன. அவற்றை விற்ற விவரம் உங்களுக்குத் தெரியும், அதற்குத் தெரியாது. அழைத்துப் பார்க்கிறது. மூன்றையும் ஒன்றையொன்று பார்க்கும்படி, முடிந்தால் உரசிக்கொள்ளும்படி கட்டுங்கள். நான் இடம் மாறியபோது என் பசுவும் இப்படித்தான் கத்தியது. ஆறாவது இரவோ ஏழாவது இரவோ சத்தம் நின்றதும், என்ன ஆயிற்றோ என்று விளக்கை எடுத்துக்கொண்டு ஓடினேன். படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. கறவை மாடு ஒரு நாளில் 10 முதல் 12 மணி நேரமாவது படுக்க வேண்டும். உங்கள் மூத்த பசு படுக்கிறதா என்று கவனித்து ஒரு தாளில் குறித்து வையுங்கள். பால் கணக்கைவிட இப்போது அந்தக் கணக்குதான் உண்மையைச் சொல்லும். படுக்கவே மறுத்தால் தரை வழுக்குகிறதா, ஈரமா, கயிறு நீளம் போதாதா என்று பாருங்கள்.

அடம்பிடிப்பதைத் திமிர் என்று நினைத்து அடித்துவிடாதீர்கள். மாட்டுக்கு ஏறக்குறைய சுற்றிலும் பார்வை உண்டு, நேர் பின்னால் மட்டும் தெரியாது. ஆனால் தரையில் விழும் நிழல் பள்ளமா கோடா என்று சட்டெனப் பிரித்தறியாது. டெம்பிள் கிராண்டின் என்ற அமெரிக்கக் கால்நடை அறிவியல் பேராசிரியர் மாடுகள் தயங்கி நிற்கும் இடங்களில் தாமே குனிந்து, மாட்டின் கண் உயரத்திலிருந்து பார்த்து, ஆடும் சங்கிலி, தரையில் கிடக்கும் துணி, வெளிச்சக் கீற்று என்று காரணங்களைக் கண்டுபிடித்தவர். நீங்களும் வாசலில் குனிந்து பாருங்கள். கணவரையும் குனியச் சொல்லுங்கள், கோபம் குறையும்.

தீவனத்தில் மட்டும் அவசரம் கூடாது. மாட்டின் முதல் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் புதுத் தீவனத்துக்குப் பழக இரண்டு மூன்று வாரம் ஆகும். இதை நான் அடிபட்டுத்தான் கற்றேன். புது வீட்டுக்குப் பக்கத்தில் பயறுவகைப் பசுந்தழை செழித்து நின்றது. பாவம், அலைந்து வந்த மாடு என்று காலைப் பனி உலரும் முன்பே அவிழ்த்துவிட்டேன். ஒரு மணி நேரத்தில் இடது விலா உப்பி, தட்டினால் மத்தளம் போல ஒலித்தது. மருத்துவர் வந்து குழாய் விட்டுக் காற்றை எடுத்ததால் பிழைத்தது. பழைய இடத்து உலர்தீவனம் மிச்சம் இருந்தால் புதியதோடு கலந்து மெல்ல மாற்றுங்கள்.

சரி, வீடு. நீங்கள் முன்வாசலிலிருந்து அடுக்கத் தொடங்கியிருப்பீர்கள். எல்லோரும் அப்படித்தான். தொழுவத்துப் பக்கக் கதவிலிருந்து தொடங்குங்கள். ஒரு நாளைக்கு எத்தனை முறை அந்தக் கதவைத் தாண்டுகிறீர்கள் என்று எண்ணுங்கள். எனக்கு 20க்குக் குறையாது. அந்தக் கதவுக்குக் கைநீட்டும் தூரத்தில் செருப்பு, டார்ச், வாளி, கை துடைக்கும் துணி, மருந்துப் பெட்டி. சாணி மிதித்த கால் உள்ளே வராதபடி வெளியே ஒரு குழாய். இவை இடம் பிடித்த பிறகுதான் மேஜையும் அலமாரியும். நான் முதலில் அந்த வழியில் ஒரு புத்தக அலமாரியை நிறுத்தினேன். கன்று பிறந்த இரவில் அதில் முழங்காலை இடித்துக்கொண்டேன். மறுநாளே அதை வேறு அறைக்கு மாற்றினேன்.

சின்ன வீட்டில் ஈயும் வாடையும் ஒளிய இடமில்லை. பெரிய வீட்டில் தொழுவம் எங்கோ பின்னால் இருந்திருக்கும், இங்கே ஜன்னலுக்கு நேரே இருக்கும். வெயில் காலத்தில் ஈயின் முட்டை ஒரு வாரம் பத்து நாளில் ஈயாகப் பறந்துவிடும். அதனால் சாணத்தைத் தினமும் அள்ளி, காற்று வீட்டுப் பக்கம் கொண்டுவராத திசையில் எருக்குழிக்குக் கொண்டுபோக வேண்டும். பெரிய பசு ஒன்று ஒரு நாளைக்கு 20 கிலோவுக்கு மேல் போடும். மூன்றுக்குக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். தண்ணீரும் அப்படித்தான், கறவை ஒன்று வெயில் நாளில் 60 லிட்டர்கூடக் குடிக்கும். தொட்டி தொழுவத்துக்குள்ளேயே நிரம்புமாறு ஒரு குழாய் இழுத்துவிடுங்கள். உங்கள் வயதில் வாளி சுமப்பதுதான் மாட்டை வெறுக்க வைக்கும். கணவரின் எரிச்சலில் பாதி இந்தச் சுமையாகக்கூட இருக்கலாம், கேட்டுப் பாருங்கள்.

பெட்டிகளை அவசரமாகப் பிரிக்க வேண்டாம். மூன்று மாதம் திறக்காத பெட்டியில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கே மறந்திருக்கும். எனக்கு ஒரு பெட்டி முழுக்கக் கோப்பைத் தட்டுகள், கோப்பைகள் எப்போதோ உடைந்துவிட்டன.

ஒன்று நீங்கள் எழுதவில்லை. கிடேரி சினையா? சினையென்றால் எத்தனை மாதம்? மாட்டுக்குச் சினைக்காலம் சுமார் 280 நாள். தலைச்சன் ஈற்று, அதுவும் புது இடத்தில் என்றால், காய்ந்த படுக்கையோடு தனியாக ஒரு மூலை வேண்டும். கன்று பிறந்த சில மணி நேரத்துக்குள் அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு சீம்பால் உள்ளே போக வேண்டும். அந்த மூலையில் இப்போது பெட்டிகள் அடுக்கியிருந்தால், முதலில் பிரிக்க வேண்டியவை அவைதான்.