பூஞ்சை பிடித்த கார்ட்டூன் கேசட்: டெக்கில் போடாதீர்கள்

ஏற்காடு வீட்டுப் பரணில் கிடைத்த வீடியோ கேசட்டில் வெள்ளைப் புள்ளிகள், போட்டதும் படம் முழுக்கப் பொரிகிறது என்றீர்கள். அது பூஞ்சை. மலை ஈரத்தில் வருவது. சுத்தம் செய்யும்வரை அதை ஓட்டவே வேண்டாம். டெக்கின் ஹெட்டில் (டேப்பைப் படிக்கும் முனை) ஒட்டி மற்ற கேசட்டுகளுக்கும் பரவும்.

மொட்டைமாடி வெயிலில் காயவைக்காதீர்கள், டேப் நெளிந்துவிடும். சேலத்துக்கு இறக்கிவிடுங்கள். காற்றுப்புகா டப்பாவில் சிலிக்கா ஜெல்லுடன் இரண்டு வாரம் இருக்கட்டும். பூஞ்சை பொடியாக உலர்ந்ததும் முகக்கவசம் போட்டு, அடியிலுள்ள 5 திருகைக் கழற்றி, 99% ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட நூல் பிரியாத துணியால் சுருளின் ஓரத்தைத் துடையுங்கள்.

டெக் ஹெட்டையும் சுத்தம் செய்தாக வேண்டும். ஆல்கஹாலில் நனைத்த மான்தோல் துண்டை டிரம்மில் (ஹெட் பொருத்திய சுழலும் உருளை) அசையாமல் பிடித்து, டிரம்மைக் கையால் சுற்றுங்கள். மேலும் கீழும் தேய்த்தால் ஹெட் உடைந்துவிடும், பிறகு டெக்கே வீண்.

பிறகு கேசட்டை ஓட்டிக் கணினியில் எடுக்கும்போது பதிவு 720×576, நொடிக்கு 25 பிரேம், இன்டர்லேஸ்டு (ஒவ்வொரு பிரேமும் ஒன்றுவிட்டு ஒன்றான வரிகளாக இரு பாதி). அப்படியே எடுத்துவைத்து, பிறகு அந்தப் பாதிகளை நொடிக்கு 50 பிரேமாகப் பிரியுங்கள்.

குரல் கொஞ்சம் கீச்சென்று கேட்டால் பழுதல்ல. 24 பிரேம் படத்தை 25-இல் ஓட்டினால் 4% வேகம் கூடும். அன்று கேட்ட குரலே அதுதான், திருத்தாமல் விடுங்கள்.