லங்காஸ்டர் விமானத்தில் வால் துப்பாக்கி வீரரின் வேலை ஏன் அவ்வளவு கொடுமையானது?

இரண்டாம் உலகப் போரில் இரவில் ஜெர்மனி மீது குண்டு வீசிய பிரிட்டிஷ் லங்காஸ்டரில் 7 பேர். ஆறு பேர் முன்பக்கமும் நடுவிலும் இருக்க, வால் துப்பாக்கி வீரர் மட்டும் கடைசியில், சுழலும் துப்பாக்கிக் கூண்டுக்குள், தனியாக. பல மணி நேரம் உறைபனிக் குளிர். இருட்டில் தெளிவாகத் தெரியட்டும் என்று பலர் கூண்டின் முன்கண்ணாடியையே கழற்றிவிட்டார்கள்!

கூண்டுக்குள் பாராசூட் வைக்க இடமில்லை. பின்னால், விமான உடற்பகுதியில்தான் தொங்கும். விமானம் தீப்பிடித்தால் கூண்டை நேராகத் திருப்பி, கதவைத் திறந்து, அதை எடுத்து மாட்ட வேண்டும். கூண்டைச் சுழற்றும் விசையோ எஞ்சினிலிருந்து வருவது. அந்த எஞ்சின் நின்றுவிட்டால்? கையால்தான் சுற்ற வேண்டும்.

இப்படி 30 முறை பறந்தால்தான் ஒரு சுற்றுப் பணி முடியும். குண்டுவீச்சுப் படையில் பறந்த சுமார் 1,25,000 பேரில் 55,000க்கும் மேல் இறந்தார்கள். அத்தனை பேரும் தாமாக முன்வந்த தன்னார்வலர்கள். பெரும்பாலும் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த பையன்கள்.