டெல்லியில் இஸ்லாமியத் தத்துவம் படித்தவர் ஐ.ஏ.எஸ். ஆக முடியுமா?

தாராளமாக முடியும். கடவுள், அறிவு, ஆட்சி பற்றிய கேள்விகளைத் தர்க்கத்தால் ஆராய்வதுதான் இஸ்லாமியத் தத்துவம். இடைக்காலத் தத்துவவாதி அல்-ஃபாராபி நல்ல ஆட்சியாளர் யார் என்று எழுதினார். தத்துவவாதியும் மருத்துவருமான இப்னு சீனா ஈரானின் ஹமதான் நகரில் அமைச்சராகவே இருந்தார்.

ஐ.ஏ.எஸ். தேர்வை நடத்தும் யு.பி.எஸ்.சி. கல்வித் தகுதியாகக் கேட்பது அங்கீகரிக்கப்பட்ட பல்கலைக்கழகத்தின் பட்டம் மட்டுமே, எந்தத் துறையாக இருந்தாலும் சரி. ராஜீவ் சௌக் மெட்ரோ நிலையத்துக்கு மஞ்சள் தடத்தில் வந்தாலும் நீலத் தடத்தில் வந்தாலும் வந்து சேரும் நிலையம் ஒன்றுதானே! ஜாமியா மில்லியாவின் இஸ்லாமியவியல் பட்டமும் அப்படித்தான். மதரஸா சான்றிதழை மட்டும் நம்பி விண்ணப்பிக்காதீர்கள். அது பட்டத்துக்கு இணையானதா என்று முதலிலேயே உறுதி செய்யுங்கள்.

சறுக்கல், தேர்வுக்கு நீங்களே தேர்ந்தெடுக்கும் விருப்பப் பாடத்தில்தான் வரும். முதன்மைத் தேர்வின் 1750 மதிப்பெண்ணில் அதற்கு 500. அங்கே ‘தத்துவம்’ என்றால் மேலை, இந்தியத் தத்துவங்கள், அரசியல் சிந்தனை, சமயத் தத்துவம். ஃபாராபிக்குத் தனிப் பகுதி கிடையாது. கடவுள் இருப்புக்கான வாதங்களில் உங்கள் படிப்பு நன்றாகவே கைகொடுக்கும். நியாயம், வேதாந்தம் என்ற இந்தியத் தத்துவ மரபுகள், ஜெர்மன் தத்துவவாதி காண்ட் எல்லாம் புதிதாகப் படிக்க வேண்டும். அரபி இலக்கியம் இப்போது பட்டியலில் இல்லை, உருது உண்டு.

பட்டம் வாங்கிய பாடத்தையே விருப்பப் பாடமாக எடுக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி விதியே இல்லை.