மின்னொளி வாலிபால் போட்டியைத் தகராறு இல்லாமல் நடத்த என்னென்ன விதிகள், என்னென்ன ஏற்பாடுகள் வேண்டும்?

தொண்டிப் பக்கம் கடலோர ஊர் ஒன்றில், மீன்பிடித் தடைக்காலத்தில் இரண்டு இரவு மின்னொளி வாலிபால் நடத்தப் போகிறீர்கள். 12 அணிகள். போன முறை அரையிறுதியில் கைகலப்பாகி ஆட்டம் பாதியில் நின்றுவிட்டது. இந்த முறை ஆட்டக்காரர்களை எப்படிக் கட்டுக்குள் வைப்பது என்பது உங்கள் கேள்வி.

பையன்கள் மேல் பழி போடுவதற்கு முன் அளவு நாடாவைக் கையில் எடுங்கள். உள்ளூர்ப் போட்டியில் வருகிற சண்டைகளின் வேரைத் தோண்டிப் பார்த்தால், பெரும்பாலும் போட்டி தொடங்குமுன் யாரோ அளக்காமல் விட்டது, அல்லது சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கும்.

முதலில் கோர்ட். 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம். நான்கு பக்கமும் சரியாக அளந்தும் கோர்ட் சாய்ந்த இணைகரமாகப் போய்விடும். அதனால் மூலைக்கு மூலை இழுத்துப் பாருங்கள். இரண்டு மூலைவிட்டமும் 20 மீட்டர் 12 சென்டிமீட்டர் வர வேண்டும். ஒன்று கூடி ஒன்று குறைந்தால் மூலை சாய்ந்திருக்கிறது. கோட்டின் அகலம் 5 சென்டிமீட்டர், அந்த 5 சென்டிமீட்டரும் கோர்ட்டுக்குள் சேர்த்தி. 9 மீட்டர் என்பது கோட்டின் வெளி ஓரம் வரைக்கும். கயிறு கட்டி, கயிற்றுக்கு வெளியே சுண்ணாம்பு போட்டுவிட்டால் கோர்ட் இரண்டு பக்கமும் 5 சென்டிமீட்டர் அகன்றுவிடும். பிறகு பந்து உள்ளேயா வெளியேயா என்று கத்திப் பயனில்லை.

நம் மணலில் சுண்ணாம்புக் கோட்டுக்கு ஒரு நன்மையும் ஒரு தீமையும் உண்டு. பந்து கோட்டின் ஓரத்தை உரசினாலும் பொடியின் விளிம்பு கலைந்து வெளிப்பக்கம் சிதறியிருக்கும். குனிந்து பார்த்தால் தெரியும். ஆனால் அதே இடத்தை ஒரு கால் மிதித்துவிட்டால் தடயம் போயிற்று, அதன் பிறகு யார் குரல் பெரிதோ அவர் பக்கம்தான் பாயிண்ட். காற்று கூடினால் பொடி பறந்து கண்ணில் விழும். 5 சென்டிமீட்டர் வெள்ளை நாடாவை இழுத்துக் கட்டி, முனைகளை மணலுக்குள் ஆழமாகப் புதைத்துவிடுவதுதான் நல்லது. கட்டை, கல் எதுவும் கோட்டில் வேண்டாம். கோர்ட்டைச் சுற்றி 3 மீட்டர் காலியிடம் கட்டாயம். கூட்டம் கோடு வரை வந்து உட்காராமல் கயிறு கட்டுங்கள். அந்த 3 மீட்டரையும் வாரிவிடுங்கள். சீமைக்கருவேல முள் ஒன்று போதும், டைவ் அடித்த பையனின் முழங்கையைக் கிழிக்க.

அடுத்தது காற்று. வைகாசியில் கச்சான் வீசத் தொடங்கினால் அது தென்மேற்கிலிருந்து வரும். கோர்ட்டின் நீளவாட்டம் காற்றோடு ஒத்துப் போனால் ஒரு பக்கம் எதிர்காற்று, மறுபக்கம் பின்காற்று. பின்காற்றில் அடிக்கிற சர்வீஸ் கோட்டைத் தாண்டிப் போகும். எதிர்காற்றில் முழுப் பலத்தோடு அடித்தாலும் பந்து சட்டென்று தாழ்ந்து உள்ளே விழும். அதனால் நீளவாட்டத்தை வடமேற்கு–தென்கிழக்காகப் போடுங்கள். காற்று குறுக்கே போகும், இரு அணிக்கும் ஒரே தொல்லை. பகல் ஆட்டம் என்றால் வெயிலைப் பார்த்து வடக்கு–தெற்காகப் போடுவார்கள். இரவு ஆட்டத்துக்கு அந்தக் கவலை இல்லை. காற்று வரும் பக்கம் பனை ஓலைத் தட்டியோ தார்பாயோ கட்டினால் இன்னும் நல்லது. விளக்குக் கம்பங்கள் பக்கவாட்டில் நிற்க வேண்டும். கடைக்கோட்டுக்குப் பின்னால் விளக்கு இருந்தால், சர்வீஸ் வாங்குகிறவர் பந்தைப் பார்க்க மாட்டார், விளக்கைத்தான் பார்ப்பார்.

விதிப்படி ஒவ்வொரு செட் முடிந்ததும் பக்கம் மாற வேண்டும். கடைசி 15 பாயிண்ட் செட்டில் ஒரு அணி 8 எடுத்ததும் மாற வேண்டும். நேரம் இல்லாமல் முதல் சுற்றை ஒரே 25 பாயிண்ட் செட்டாக வைப்பது நம் பக்கம் வழக்கம். அப்படியென்றால் 13இல் பக்கம் மாற்றுங்கள். இது விதிப்புத்தகத்தில் இல்லை, நீங்களாகச் சேர்ப்பது. அதனாலேயே நோட்டீஸில் அச்சடிக்க வேண்டும். 24–24 ஆனால் 2 பாயிண்ட் முன்னிலை வரும்வரை ஆட்டம் தொடரும் என்பதையும் எழுதுங்கள். பழைய 15 பாயிண்ட் சைடு அவுட் கணக்கில் (சர்வீஸ் போடும் அணிக்கு மட்டுமே பாயிண்ட்) ஆடிய பெரியவர்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள், அவர்கள் சொல்லும் கணக்கும் இப்போதைய கணக்கும் வேறு.

வலைக்குக் கொஞ்சம் கூடுதல் கவனம் கொடுங்கள். ஆண்களுக்கு 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24. அளப்பது கோர்ட்டின் நடுவில். இரண்டு பக்கக் கோட்டின் மேலும் உயரம் ஒன்றுபோல இருக்க வேண்டும், நடுவை விட 2 சென்டிமீட்டருக்கு மேல் கூடக் கூடாது. ஒரு பிவிசி குழாயில் 2.43க்கு ஒரு கோடு, 2.45க்கு ஒரு கோடு போட்டு ரெஃப்ரி கையில் கொடுத்துவிடுங்கள். நம் ஊர் வலைகளின் மேல்வயர் உப்புக் காற்றில் துருப்பிடித்து, முறுக்கும் இடத்தில்தான் முதலில் இழை இழையாகப் பிரியும். விரலால் தடவினால் நெருடும். நெருடினால் அந்த வயரை மாற்றுங்கள். இழுத்துக் கட்டிய வயர் அறுந்தால் முகத்தில் அடிக்கும். இன்னொன்று மணலுக்கே உரியது: இரண்டு பக்கமும் பிளாக்குக்கு, அதாவது எதிரணி அடிக்கும் பந்தை வலைக்கு மேல் கைநீட்டித் தடுக்க, குதித்துக் குதித்து வலையடியில் பள்ளம் விழும். வலை ஏறாமலே உயரம் கூடிவிடும். ஒவ்வொரு செட்டுக்குப் பிறகும் மணலைச் சமப்படுத்தி, குழாயை வைத்துப் பாருங்கள்.

கம்பத்தை இழுவைக் கயிறு கட்டி நிறுத்துவதை விதி ஏற்பதில்லை, கால் தடுக்கும். ஆழமாகக் குழி தோண்டி, கல்லும் காங்கிரீட்டும் போட்டு நிறுத்துங்கள். பக்கக் கோட்டிலிருந்து அரை மீட்டர் முதல் ஒரு மீட்டர் வரை தள்ளி நிற்க வேண்டும், சாக்கோ பஞ்சோ சுற்றியிருக்க வேண்டும். ஆன்டெனா, அதாவது இரண்டு பக்கக் கோட்டுக்கும் நேர்மேலே வலையில் கட்டும் கோல், இல்லாமல் போட்டி நடத்தாதீர்கள். 1.80 மீட்டர் நீளம், வலைக்கு மேல் 80 சென்டிமீட்டர் நிற்க வேண்டும். பந்து அதைத் தொட்டாலே வெளி. ஆன்டெனா இல்லாத ஆட்டத்தில் ஓரத்தில் போகும் ஒவ்வொரு ஸ்மாஷும் ஒரு வாக்குவாதம்.

இனி ஆட்டக்காரர் நடத்தை. நடுவரிடம் பேசும் உரிமை கேப்டன் ஒருவருக்கே, அதுவும் பந்து ஆட்டத்தில் இல்லாதபோது. அவர் கேட்கக்கூடியது விளக்கம் மட்டும். விளக்கம் திருப்தி இல்லையென்றால் அப்போதே அதைச் சொல்லிவிட்டு, ஆட்டம் முடிந்ததும் ஸ்கோர் ஷீட்டில் எதிர்ப்பை எழுதலாம். நம் ஊர்ப் போட்டியில் இந்த ஒரு விதி அமலானால் பாதிக் கூச்சல் அடங்கும், ஏனென்றால் ஆறு பேரும் நடுவர் நாற்காலியைச் சூழும் காட்சி நின்றுவிடும்.

அட்டைகளைப் பலரும் கால்பந்து கணக்கில் புரிந்துகொள்கிறார்கள். வாலிபாலில் வேறு. சிறு தவறுக்கு முதலில் கேப்டன் வழியாக வாய் எச்சரிக்கை. அடுத்தது மஞ்சள், அதற்குத் தண்டனை இல்லை, பதிவு மட்டும். முரட்டுத்தனமான நடத்தைக்குச் சிவப்பு: எதிரணிக்கு ஒரு பாயிண்டும் சர்வீஸும். அதே ஆள் மறுபடி செய்தாலோ, முதல் முறையே அவமதிக்கும் சொல்லோ சைகையோ காட்டினாலோ, நடுவர் இரண்டு அட்டையும் ஒரே கையில் சேர்த்துக் காட்டுவார். அந்த செட் முடியும்வரை அந்த ஆட்டக்காரர் வெளியே. கை வைத்தால் இரண்டு கையிலும் தனித்தனியாக அட்டை. அந்த ஆட்டமே அவருக்கு முடிந்தது. அவருக்குப் பதில் இறங்க விதிப்படி ஆள் இல்லையென்றால் அணி முழுமையற்றதாகி ஆட்டத்தைத் தோற்கும், அதுவரை எடுத்த பாயிண்டும் செட்டும் மட்டும் நிற்கும். அட்டைகள் ஆட்டம் முழுவதும் செல்லும், செட் மாறினால் அழியாது. நேரம் கடத்துவது தனிக் கணக்கு: அணிக்கு முதலில் எச்சரிக்கை, அடுத்ததில் எதிரணிக்குப் பாயிண்டும் சர்வீஸும். விசில் அடித்த 8 நொடிக்குள் சர்வீஸ் போக வேண்டும்.

எங்கே கோடு போடுவது என்று ரெஃப்ரிகள் தடுமாறுவது கேலிப் பேச்சில். எதிரே நிற்பவர் சொந்த மச்சானாகக்கூட இருப்பார், வம்பிழுப்பது அவர்களுக்குப் பழக்கம். எது பாசம், எது வன்மம் என்று நாற்காலியில் இருப்பவர் தரம் பிரிக்க முடியாது. அதனால் கேப்டன்கள் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள்: பாயிண்ட் எடுத்தால் சொந்த அணியைப் பார்த்துக் கொண்டாடுங்கள், வலைக்கு அந்தப் பக்கம் பார்த்து ஒரு வார்த்தை போனாலும் எச்சரிக்கை. உறவுமுறை பார்க்காமல் எல்லாருக்கும் இதே.

ரெஃப்ரியால் பார்க்க முடியாத ஒன்றும் உண்டு: பிளாக்கில் விரல் நுனியில் பட்ட பந்து. பட்டதா என்பது அந்த ஆட்டக்காரருக்கு மட்டும்தான் தெரியும். கோல்ஃபில் 1925 யு.எஸ். ஓபனின்போது அமெச்சூர் ஆட்டக்காரர் பாபி ஜோன்ஸ், அடிக்குமுன் பந்து அசைந்ததாகத் தானே சொல்லித் தன் மேல் ஒரு ஸ்ட்ரோக் (ஒரு அடி கூடுதல்) தண்டனை போட்டுக்கொண்டார். வேறு யாரும் அதைப் பார்க்கவில்லை. அந்த ஒரு ஸ்ட்ரோக்கால் ஆட்டம் சமனாகி, சமனை முறிக்க நடந்த பிளே-ஆஃபில் தோற்றார். நம் பையன்களிடமும் இதை மனதாரக் கேட்கலாம்: பட்டிருந்தால் கையைத் தூக்கு. அப்படித் தூக்குகிறவருக்கு ஒரு தனிப் பரிசு வையுங்கள். ஆட்ட நாயகன் பரிசை விட அது பெரியதாக இருக்கட்டும்.

செல்போன் வீடியோவைப் பற்றி முன்கூட்டியே முடிவெடுங்கள். ஏற்பதில்லை என்பதே சரியான முடிவு. சாய்வாக நின்று எடுத்த படத்தில், கோட்டுக்கு ஒரு சாண் மேலே காற்றில் இருக்கும் பந்து கோட்டில் விழுந்ததுபோலத் தெரியும். அதற்குப் பதில் லைன் அம்பயர் இரண்டு பேரைப் போடுங்கள், ஆடுகிற இரண்டு ஊரையும் சேராதவர்களாக. எதிரெதிர்ப் பக்கம் நிற்கும் இரண்டு ரெஃப்ரிகளில் ஒவ்வொருவரின் வலக்கைப் பக்க மூலையிலும் ஒருவர், மூலையிலிருந்து ஒன்று முதல் இரண்டு மீட்டர் தள்ளி, கையில் கொடி. கொடி கீழே என்றால் உள்ளே, மேலே என்றால் வெளியே, கொடி நுனியில் கை வைத்தால் ஆள் மேல் பட்டு வெளியே. கூட்டத்துக்கும் இதை மைக்கில் ஒருமுறை சொல்லுங்கள்.

கூச்சல் கிளம்பும் மற்ற இடங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பந்தை ஆடும் செயலில் இரு ஆன்டெனாவுக்கு இடையே வலையைத் தொட்டால் ஃபௌல். நடுக்கோட்டைப் பாதம் முழுதாகத் தாண்டினால் ஃபௌல். பாதத்தின் ஒரு பகுதி கோட்டிலோ கோட்டுக்கு நேர்மேலோ இருந்தால் ஃபௌல் இல்லை. பிளாக்கில் பட்டது மூன்று தொடுதலில் சேராது. லிபரோ, அதாவது பின்வரிசையில் மட்டும் ஆடும் தடுப்பாட்டக்காரர், சர்வீஸ் போடவோ பிளாக் போடவோ கூடாது, சட்டை நிறம் வேறாக இருக்க வேண்டும். ஆடோ நாயோ, பக்கத்துக் கோர்ட்டுப் பந்தோ உள்ளே வந்தால் அந்த ராலி திரும்ப ஆட வேண்டும், யாருக்கும் பாயிண்ட் இல்லை.

கரண்ட் போனால் என்ன என்பதற்கும் விதி இருக்கிறது. 4 மணி நேரத்துக்குள் அதே கோர்ட்டில் தொடர்ந்தால் அதே ஸ்கோர், அதே ஆட்டக்காரர்கள். வேறு கோர்ட்டுக்கு மாற்றினால் முடிந்த செட்கள் நிற்கும், பாதியில் நின்ற செட் முதலிலிருந்து. 4 மணி நேரம் தாண்டினால் முழு ஆட்டமும் மறுபடி. ஜெனரேட்டர் இருந்தாலும் இதை எழுதி வையுங்கள்.

வெளியூர் ஆட்டக்காரர் விவகாரத்தைக் கடைசிக்கு வைத்தேன், ஏனென்றால் அது பந்து தூக்கும் முன்பே முடிய வேண்டியது. அணிக்கு 12 பெயர், ஆதார் நகலோடு, முதல் ஆட்டத்துக்கு முன் ஒப்படைக்க வேண்டும். பிறகு ஒரு பெயரும் சேர்க்க முடியாது. ஒருவர் இரண்டு அணிக்கு ஆடினால் இரண்டாவது அணியின் அந்த ஆட்டம் ரத்து. வெளியூர்க்காரர் எத்தனை பேர் என்பதை உங்கள் கமிட்டி முடிவு செய்து நோட்டீஸில் போடட்டும். இரண்டு என்பது ஓரளவு நியாயமான எண், உள்ளூர்ப் பையன்கள் பெஞ்சில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க மாட்டார்கள். ஆட மறுத்து வெளியேறும் அணிக்கு விதிப்படி தோல்வி, ஒவ்வொரு செட்டும் 0–25. பரிசுத் தொகையும் கிடையாது என்பதை நுழைவுப் படிவத்தில் சேர்த்து, கேப்டன் கையெழுத்து வாங்குங்கள். முதல் நாள் மாலை மஃரிப் தொழுகைக்கு முன் எல்லாக் கேப்டன்களையும் கோர்ட்டுக்கே வரவழைத்து, அவர்கள் கண் முன்னால் வலை அளக்கும் அந்தக் குழாயை வலையடியில் நிறுத்திக் காட்டுங்கள். இறுதி ஆட்டத்துக்கு முன்னும் அதே குழாய், அதே இடம், இரண்டு கேப்டன்களும் பக்கத்தில்.