வீட்டில் முதன்முதலாகக் காய்கறித் தோட்டம் போட்ட அனுபவம் உண்டா? மொத்தமாகக் காய்த்துத் தள்ளியபோது என்ன செய்தீர்கள்?

உண்டு. 3 வருஷம் ஆகிறது. கேள்வியின் இரண்டாவது பாதிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்களுக்கு அடி விழுந்தது அங்கேதான். எதை விதைக்கலாம் என்று யோசிக்கும்போதே, காய்த்ததை எந்த வெயிலில் காயவைக்கப் போகிறோம் என்றும் யோசித்துவிடுங்கள். முதல் வருஷம் நாங்கள் அதை யோசிக்கவே இல்லை.

திருச்சிக்கு வெளியே வீடு கட்டிக் குடிவந்தோம். பின்பக்கம் ஒன்றரை சென்ட் இடம் சும்மா கிடந்தது. மண்வெட்டி போட்டால் செங்கல் துண்டு, ஜல்லி, இறுகிப்போன சிமெண்ட் கட்டி. இரண்டு ஞாயிற்றுக்கிழமை நானும் வீட்டுக்காரரும் பிள்ளைகள் இரண்டு பேரும் உட்கார்ந்து பொறுக்கினோம். அப்புறம் ஒரு டிராக்டர் செம்மண் அடித்து, மட்கிய மாட்டு எருவைக் கலந்தோம். எரு விஷயத்தில் அவசரம் வேண்டாம். பச்சைச் சாணம் போட்டால் சூடு தாங்காமல் நாற்று கருகும், கரையானும் சேரும். கையில் எடுத்தால் சாண வாடை போய் மண்வாசம் வரவேண்டும், அதுதான் பதம்.

'ஆடிப்பட்டம் தேடி விதை' என்று சின்ன வயதிலிருந்து கேட்ட காது. ஆடிப்பெருக்கு அன்றைக்குக் காவிரியில் கும்பிட்டுவிட்டு வந்து விதை போட்டோம். வெண்டையும் கொத்தவரையும் நேராகப் பாத்தியில். கத்தரி, மிளகாய், தக்காளி நாற்றங்காலில். வெண்டை 45 நாளில் முதல் காய் தந்தது. அடுத்து கொத்தவரை. புரட்டாசி மாசம், வீட்டில் கவிச்சி கிடையாது, அதனால் ஆரம்பத்தில் எல்லாம் செலவானது. பத்து நாளில் நிலைமை மாறிவிட்டது. காலையில் பறித்த செடியில் மறுநாள் போய்ப் பார்த்தால் மறுபடியும் கொத்துக் கொத்தாகக் கொத்தவரை. பறிக்காமல் விட்டால் முற்றி நாராகிவிடும். அக்கம்பக்கத்தில் கொடுத்தோம், அவர்களும் எவ்வளவுதான் வாங்கிக்கொள்வார்கள்?

சரி, வத்தல் போடலாம் என்று இறங்கினேன். 4 கிலோ கொத்தவரையைக் காம்பு கிள்ளி, உப்புத் தண்ணீரில் அரைவேக்காடு வேகவைத்து, வடித்து, மொட்டை மாடியில் வேட்டி விரித்துப் பரப்பினேன். முதல் நாள் நல்ல வெயில். மறுநாள் மத்தியானம் மழை. அள்ளிக்கொண்டு வந்து ஃபேனுக்கு அடியில் போட்டேன். அடுத்த மூன்று நாளும் மூட்டம் கலையவில்லை. கையில் எடுத்தால் பிசுபிசுவென்று இருந்தது, பிறகு ஒரு காலையில் பார்த்தால் நடுவில் பஞ்சு மாதிரி வெள்ளையாகப் படர்ந்திருந்தது.

முசிறியில் கொழுந்தனார் வீட்டிலிருந்த அத்தைக்குப் போன் போட்டேன். துடைத்துவிட்டு மறுபடியும் காயவைக்கலாமா என்று கேட்டேன்.

"பூஞ்சை பிடிச்சதை வாயில வைக்கக் கூடாதும்மா. மேல தொடச்சா உள்ள போனது போயிடுமா? குழியில கொட்டிடு" என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஐப்பசி வாசல்ல வந்து நிக்கிறப்போ யாராவது வத்தல் போடுவாங்களா கண்ணு? அது மாசி பங்குனி வெயில்ல செய்யற வேலை" என்றார்.

4 கிலோவையும் எருக்குழியில் கொட்டினோம். எத்தனை பேர் கை பட்டு விளைந்த காய் அது. இன்றைக்கு நினைத்தாலும் மனசு கனக்கிறது.

அத்தை சொன்ன ஒரு வரியில் முழுக் கணக்கும் இருக்கிறது. கத்தரிக்காயை எடுத்துக்கொண்டால் அதில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர். பூஞ்சை வேர்பிடிப்பதற்குள் அந்தத் தண்ணீரை வெளியேற்றியாக வேண்டும், வத்தல் என்பது அவ்வளவுதான். உப்பு நீரை இழுத்து வெளியே கொண்டுவரும், வெயிலும் உலர்ந்த காற்றும் வாங்கிக்கொண்டு போகும். நம் பக்கம் பெருமழை வடகிழக்குப் பருவமழையில், அதாவது ஐப்பசி, கார்த்திகையில். ஆடியில் விதைத்தால் காய்ப்பு சரியாக அந்த மழையில் வந்து நிற்கும். ஆடிப்பட்டத்தின் மேல் குற்றம் இல்லை. அது சமைத்துச் சாப்பிடுவதற்கான பட்டம்.

அடுத்த முறை தோட்டத்தை இரண்டாகப் பிரித்துக்கொண்டோம். ஆடியில் போடுவது குழம்புக்கும் பொரியலுக்கும். ஜாடிக்குப் போக வேண்டியதற்கு மார்கழியில் கத்தரி, மிளகாய் நாற்று விட்டுத் தையில் நட்டோம். தை கடைசியில் கொத்தவரையும் வெண்டையும் ஊன்றினோம். பங்குனி, சித்திரையில் பறித்தோம். திருச்சி சித்திரை வெயிலைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம், 40 டிகிரியைத் தொடும். கோடையில் செடியைக் காப்பாற்ற வைக்கோல் மூடாக்கு போட்டு, காலையும் சாயங்காலமும் தண்ணீர் விட்டோம். பூச்சிக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்ப எண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல், வெயில் தாழ்ந்த பிறகு தெளிப்பு. கத்தரியில் நுனிக்குருத்து வாடித் தொங்கினால் தண்டுக்குள் புழு இருக்கிறது என்று அர்த்தம், வாட்டத்துக்குக் கீழே வரை நறுக்கி எடுத்து அழித்துவிட வேண்டும். வெண்டை இலை நரம்பு மஞ்சளடித்தால் வைத்தியம் கிடையாது, செடியைப் பிடுங்கிவிடுங்கள். வெள்ளை ஈ அதை அடுத்த செடிக்குக் கொண்டுபோகும்.

அந்த மாசியில் அத்தை வந்து எங்களோடு தங்கினார். மோர்மிளகாயை அவரிடம்தான் கற்றுக்கொண்டேன். குட்டையாக, தடியாக இருக்கிற பச்சை மிளகாயைக் காம்போடு கழுவி, ஈரம் போகத் துடைத்து, அடிப்பக்கம் ஊசியால் சின்னதாகக் கீறவேண்டும். புளித்த கெட்டித் தயிரில் தாராளமாக உப்புப் போட்டுக் கடைந்து அதில் 3 நாள் ஊறல், தினமும் ஒருமுறை குலுக்கிவிட வேண்டும். நாலாம் நாள் காலையில் மிளகாயை மட்டும் அள்ளித் தாம்பாளத்தில் பரப்பி வெயிலில் வைத்து, பொழுது சாய்ந்ததும் அதே மோரில் திரும்பப் போடவேண்டும். மறுநாளும் இப்படியே. மோர்ப் பாத்திரத்தையும் வெயிலில் வைப்பார். நாளாக ஆக மோர் வற்றி மிளகாய்க்குள் போய்விடுகிறது. பச்சை வெளுத்து மஞ்சளாகி, கடைசியில் சந்தன வெள்ளைக்கு வரும். மோர் சுத்தமாகத் தீர்ந்த பிறகும் நாலைந்து நாள் காயவேண்டும். காய்ந்துவிட்டதா என்று பார்க்க அத்தை ஒரு மிளகாயைக் காதுப்பக்கம் வைத்து ஆட்டுவார். உள்ளே விதை கலகலவென்று சத்தம் போட்டால்தான் ஜாடிக்குப் போகும். என் மகன், "அப்பாயி, இது இன்னும் பேசலை" என்று ஒவ்வொன்றாகப் பொறுக்கித் திரும்பத் தட்டில் போடுவான்.

கத்தரி வத்தலுக்கு நீளத்துண்டாக நறுக்கி, உப்பும் மஞ்சள்தூளும் கொஞ்சம் புளித்தண்ணீரும் சேர்த்து ஒரு கொதி விட்டு வடித்துக் காயவைத்தோம். ஒடித்தால் பட்டென்று ஒடியவேண்டும், வளைந்தால் ஈரம் பாக்கி இருக்கிறது. வெயிலில் இருந்து எடுத்ததைச் சூடு ஆறவைத்துத்தான் ஜாடியில் போடவேண்டும், சூட்டோடு மூடினால் உள்ளே வேர்த்துப்போகும். பீங்கான் ஜாடி, வெள்ளைத் துணியால் வேடு, எடுக்கும்போது ஈரமில்லாத கரண்டி. மாடியில் காக்காய்க்கு ஒரு கறுப்புக் குடையை விரித்து வைத்தால் போதும். தக்காளி மிச்சத்தை நல்லெண்ணெயில் சுருள வதக்கித் தொக்காக்கிவிட்டேன். ஃப்ரிட்ஜில் ஒரு மாதம் வைத்துச் சாப்பிட்டோம்.

அந்த ஐப்பசியில், இரண்டு நாளாக மழை விடாமல் பெய்து மார்க்கெட் பக்கம் போகமுடியாதபோது, சித்திரையில் போட்ட கத்தரி வத்தலை நல்லெண்ணெயில் வறுத்துக் குழம்பு வைத்தேன். மோர்மிளகாய் வறுத்த நெடியில் வீடு முழுக்க இருமல். பெரியவள் தட்டை நக்காத குறைதான்.

ஒன்று மட்டும் பாக்கி. எல்லாக் காயையும் பறித்துவிடாதீர்கள். திடமான செடியில் ஒரு கத்தரிக்காயைப் பழுத்து மஞ்சளாகும்வரை விட்டு, விதையைத் தண்ணீரில் அலசுங்கள். மிதப்பதை ஊற்றிவிட்டு அடியில் தங்கியதை நிழலில் உலர்த்தி, சாம்பல் கலந்து எடுத்து வையுங்கள். எங்கள் வீட்டில் விதைக்காய்க்கு அத்தை சிவப்பு நூல் கட்டுவார். இந்தத் தடவை நூல் கட்டும் வேலையை மகன் வாங்கிக்கொண்டான். நேற்று போய்ப் பார்த்தால் 7 காயில் நூல் தொங்குகிறது. ஒன்று போதும்டா என்றால், "ஒவ்வொரு வீட்டுக்கும் ஒண்ணும்மா" என்று நாங்கள் கொத்தவரை கொடுத்த வீடுகளை எண்ணிக் காட்டுகிறான்.