அடையாளம் தெரியாத கேம்ஷாஃப்ட்: அளந்து அறிவது எப்படி?

கேள்வி: புஷ்ராடு (தள்ளுகோல்) வகை நான்கு சிலிண்டர் எஞ்சின் கொண்ட பழைய கார் ஒன்றைப் புதுப்பித்து வருகிறேன். உதிரிபாகங்களோடு, பந்தயத்துக்காகச் செய்யப்பட்டது என்று சொல்லி, வால்வுகளைத் திறந்து மூடும் தண்டான கேம்ஷாஃப்ட் ஒன்றும் கிடைத்தது. அதன் முனையில் சில எழுத்துகளும் எண்களும் மட்டுமே உள்ளன. தயாரித்தவர் யார் என்பதற்கு ஒரு தாள்கூட இல்லை. அளந்து பார்த்தே இதை இனங்காண முடியுமா?

பதில்: முடியும். ஆனால் முனையில் உள்ள எண்ணை வைத்து முடிவுக்கு வந்துவிடாதீர்கள். அது வெறும் வார்ப்பு எண்ணாக இருக்கலாம். அல்லது பழைய ஷாஃப்டை யாரோ பின்னாளில் மறுபடி கிரைண்ட் செய்திருந்தால், பழைய எண் அப்படியே இருக்க, வால்வைத் திறக்கும் புடைப்பான லோப்பின் வடிவம் முற்றிலும் மாறியிருக்கும். வால்வு எப்போது திறக்கிறது, எவ்வளவு உயர்கிறது, எப்போது மூடுகிறது என்பதைக் காட்டும் வளைகோடுதான் ஒரு கேமின் உண்மையான அடையாளம்.

அளப்பதற்கு முன் ஷாஃப்டின் நிலையைப் பாருங்கள். இரு முனைகளிலும் உள்ள ஜர்னல்களை (தாங்கிகளில் சுழலும் வட்டப் பகுதிகளை) வி-பிளாக்குகளில் தாங்கி, நடு ஜர்னலில் நுண்ணிய அசைவைக் காட்டும் டயல் கேஜை வைத்துச் சுழற்றினால் வளைவு தெரிந்துவிடும். லோப்பின் மூக்கில் குழியோ, ஓரமாகத் தேய்ந்த பளபளப்போ இருந்தால், அந்த லோப்பை அளந்து கிடைக்கும் எண் எவருக்கும் பயன்படாது. எட்டு லோப்புகளையும் ஒப்பிட்டு, ஒரே வகை வால்வுக்கான லோப்புகளில் ஒன்று மட்டும் 0.1 மில்லிமீட்டர் குறைந்து நின்றால், அது வடிவமைப்பு அல்ல, தேய்மானம் என்றே கொள்ளுங்கள்.

லோப்பின் முழு உயரத்தை மைக்ரோமீட்டரால் அளந்து, அதற்குக் குறுக்கே உள்ள அகலத்தைக் கழித்தால் லிஃப்ட் (லோப் தள்ளும் உயரம்) கிடைக்கும் என்பது பலரும் கையாளும் வழி. சாதாரணக் கேமுக்கு இது போதும். திறப்புக் காலம் மிக நீண்ட பந்தயக் கேமில், சரிவின் தொடக்கமும் முடிவும் அந்தக் குறுக்கு அகலத்துக்குள்ளேயே வந்துவிடக்கூடும். அப்போது அகலம், லோப்பின் புடைப்பில்லாத பகுதியான அடி வட்டத்தின் விட்டமாக இராது, லிஃப்டும் குறைவாகவே தெரியும். ஆகவே டயல் கேஜை நம்புவதே நல்லது. கிடைத்த லோப் லிஃப்டை, புஷ்ராடின் அசைவை வால்வுக்குக் கடத்தும் நெம்புகோலான ராக்கரின் விகிதத்தால் பெருக்கினால் வால்வு லிஃப்ட்: லோப்பில் 7 மில்லிமீட்டர், விகிதம் 1.4 என்றால், டேப்பட் இடைவெளியை (ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே விடும் சிறு இடைவெளியை) கழிக்கும் முன் 9.8 மில்லிமீட்டர்.

பலர் தவறுவது அடுத்த கட்டத்தில்தான். கேஜின் கூர்மையான முனையை நேரடியாக லோப்பின் மேல் வைத்துச் சுழற்றினால், உச்ச லிஃப்ட் சரியாக வரும், திறப்புக் காலமோ உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். லோப்பின் மேல் அமர்ந்து புஷ்ராடைத் தள்ளும் தட்டை முகமுள்ள டேப்பட், லோப்பின் பக்கச் சரிவைத் தன் நடுவில் தொடுவதில்லை, பல மில்லிமீட்டர் விலகித் தொடுகிறது. அந்த விலகலைக் கூர்முனையால் காட்ட முடியாது. எனவே ஷாஃப்டைக் காலியான பிளாக்கில் பொருத்தி, உங்கள் எஞ்சினின் டேப்பட்டையே அதற்குரிய துளையில் இறக்கி, அதன் மேல் கேஜை நிறுத்துங்கள்.

கிராங்க், ஒரு பிஸ்டன், டைமிங் செயின் ஆகியவற்றையும் மாட்டிய பின், கிராங்க் முனையில் 360 பாகை குறித்த வட்டத் தகட்டைப் பொருத்துங்கள். பிஸ்டனின் மேல்முனையை, அதாவது அது பயணத்தின் உச்சியை எட்டும் நிலையை, கண்ணால் மதிப்பிடக் கூடாது, ஏனெனில் அந்த இடத்தில் கிராங்க் சில பாகைகள் திரும்பினாலும் பிஸ்டன் அசைவது தெரியாது. பிஸ்டனை ஒரு தடையில் இரு திசைகளிலும் மென்மையாக முட்டவைத்து, கிடைக்கும் இரண்டு அளவுகளின் நடுவையே மேல்முனையாகக் கொள்ளுங்கள். பிறகு எப்போதும் ஒரே திசையில் சுழற்றுங்கள். பின்னுக்குத் திருப்பினால் டைமிங் செயினின் தளர்வு அளவில் கலந்துவிடும்.

டேப்பட் 1.27 மில்லிமீட்டர், அதாவது 0.050 அங்குலம் உயரும்போதும், இறங்கும்போது அதே உயரத்துக்கு வரும்போதும் பாகையைக் குறியுங்கள். உதாரணமாக, உள்வாங்கும் வால்வு மேல்முனைக்கு 10 பாகை முன் திறந்து, கீழ்முனைக்கு 42 பாகை பின் மூடினால், திறப்புக் காலம் 10, 180, 42 சேர்ந்து 232 பாகை. அதில் பாதியான 116இலிருந்து 10ஐக் கழித்தால், லோப்பின் மையம் மேல்முனைக்கு 106 பாகை பின்னே உள்ளது. வெளியேற்றும் வால்வு கீழ்முனைக்கு 52 பாகை முன் திறந்து, மேல்முனைக்கு 4 பாகை பின் மூடினால், காலம் 236, மையம் மேல்முனைக்கு 114 பாகை முன். இரண்டு மையங்களின் சராசரியான 110 பாகைதான் லோப்புகளுக்கு இடையேயான கோணம். அந்தக் கோணம் ஷாஃப்டில் கடையப்பட்டது, இனி மாறாது. 106க்கும் 110க்கும் உள்ள 4 பாகை வேறுபாடு பல்சக்கரத்தைப் பொருத்திய விதத்தால் வந்த முன்னேற்றம் (அட்வான்ஸ்), அதாவது கேம் அந்த அளவு முன்கூட்டி இயங்குவது. அதை நீங்கள் மாற்றிக்கொள்ளலாம்.

இரண்டு வால்வுகளுக்கும் 0.25 மில்லிமீட்டருக்கு ஒரு முறை பாகையைக் குறித்து, வரைபடத் தாளில் வளைகோட்டை வரையுங்கள். தொடக்கத்தில் மெதுவாக, சீராக ஏறும் நீண்ட பகுதி இருந்தால், அது இடைவெளி வைத்து ஓட்ட வேண்டிய திட டேப்பட்டுக்கான (எண்ணெய் அழுத்தத்தால் இடைவெளியைத் தானே சரிசெய்யாத வகைக்கான) கேம் என்று பெரும்பாலும் கொள்ளலாம்; அந்தப் பகுதியின் உயரம், வைக்க வேண்டிய இடைவெளியின் உச்ச வரம்பையும் காட்டும். அடி வட்டம் அசல் ஷாஃப்டைவிடச் சிறியதாக இருந்தால் அது பெரும்பாலும் மறுகிரைண்ட் செய்யப்பட்டதாக இருக்கும். டேப்பட் கீழே இறங்கி நிற்பதால் புஷ்ராடின் நீளத்தைத் திருத்த வேண்டிவரும்.

பொருத்துவதாக முடிவு செய்தால், வால்வுக்கும் பிஸ்டனுக்கும் உள்ள இடைவெளியை, பிஸ்டன் மேல் மாடலிங் களிமண் வைத்து, அது நசுங்கிய தடிமனை அளந்து பார்த்தே தீர வேண்டும். உள்வாங்கும் வால்வுக்கு 2 மில்லிமீட்டரும், வெளியேற்றும் வால்வுக்கு 2.5 மில்லிமீட்டரும் பொதுவாக விடப்படும் குறைந்தபட்ச அளவுகள்.

மற்றொருவர் கேள்வி: என் கேமின் பெட்டியில் 290 பாகை என்று இருந்தது. நான் 1.27 மில்லிமீட்டரில் அளந்தபோது 246தான் வந்தது. ஏமாற்றப்பட்டேனா?

பதில்: இல்லை. பெட்டியில் அச்சிடும் எண், டேப்பட் அசையத் தொடங்கும் மிகச் சிறிய உயரத்திலிருந்து கணக்கிடப்படுவது. அந்த உயரத்தைத் தயாரிப்பாளர்கள் ஒவ்வொருவரும் வெவ்வேறாக வைத்துக்கொள்கிறார்கள். இரண்டு அளவுகளுக்கும் இடையே 40 முதல் 60 பாகை வரை வேறுபடுவது இயல்பு. ஒரே உயரத்தில் அளந்த இரண்டு எண்களை மட்டுமே ஒப்பிடுங்கள்.