கேழ்வரகின் எடை

மதிப்பிற்குரிய அம்மா,

சேலம் அம்மாபேட்டையில் வசிக்கிறேன், வயது 49. மார்பகப் புற்றுநோயால் இடது மார்பை எடுத்து, கீமோவும் கரண்டும் (கதிர்வீச்சு) முடிந்து 14 மாதங்கள் ஆகின்றன. ‘அதுதான் சரியாகிவிட்டதே, சிரித்த முகமாக இரு’ என்கிறார்கள். மருத்துவமனையில் அழாத நான், இப்போது குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறேன். கணவர் எதுவும் கேட்பதில்லை. ஆடிப் பண்டிகைக்குக் கோட்டை மாரியம்மன் கோயில் கூட்டத்தில் நிற்கவும் கூசுகிறது. பிழைத்தவள் அழுவது நன்றிகெட்டதனமா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

இல்லை. சிகிச்சை நடக்கும்போது அடுத்த ஊசி என்றைக்கு, ரத்தத்தில் வெள்ளணு எத்தனை, துணைக்கு யார் வருவது என்று மனம் கணக்கிலேயே இருக்கும். துக்கப்பட நேரம் கிடைக்காது. உறவினர்கள் அவரவர் வேலைக்குத் திரும்பிய பிறகுதான் என்ன போயிற்று என்பதே தெரியத் தொடங்குகிறது. இது பலருக்கும் நேர்வது. மறுபரிசோதனைக்கு முந்தைய இரவுகளில் தூக்கம் கெடுவதும் அப்படியே.

ஏற்காட்டில் இருந்த என் சித்திக்கும் இதே அறுவை நடந்தது. நாங்கள் எல்லோரும் தைரியத்தைப் பற்றியே பேசினோம். ரவிக்கையைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. அவர் இலவம்பஞ்சை ஒரு துணிப்பையில் அடைத்து உள்ளே வைத்துக்கொண்டிருந்தார். சேலத்துக்கு இறங்கும் பேருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் திரும்பத் திரும்ப, எடையில்லாத அந்தப் பை தோள்பட்டையை நோக்கி ஏறும். வழிநெடுக முந்தானைக்குள் கையை வைத்து அதை அழுத்திக்கொண்டே வருவார். நெஞ்சு வலிக்கிறது என்று நாங்கள் நினைத்தோம்! பிறகு அவராகவே பஞ்சோடு கேழ்வரகைக் கலந்தார். முதல் முறை கனம் அதிகமாகித் தோள் இழுத்தது, பாதியைக் கொட்டினார். அதன்பின் அவர் எந்தக் கல்யாணத்தையும் தவறவிடவில்லை. இப்போது ரவிக்கைக்குள் வைத்துக்கொள்ளச் சரியான எடையில் சிலிக்கோன் மார்பகங்களே கிடைக்கின்றன. மருத்துவரைவிடச் செவிலியரிடம் கேளுங்கள். இந்த விஷயத்தில் அவர்களுக்குத்தான் விவரம் அதிகம்.

புற்றுநோய் திரும்பாமலிருக்கத் தரும் டாமாக்சிஃபென் மாத்திரையை நீங்கள் சாப்பிடுபவரானால், திடீரென்று உடல் கொதித்து வியர்ப்பதும் தூக்கம் கெடுவதும் மாத்திரையாலும் இருக்கலாம். நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். இரண்டு வாரங்களுக்கு மேலாக அழுகையும் எதிலும் பிடிப்பின்மையும் தொடர்ந்தால் மனநல மருத்துவரைப் பார்ப்பதில் தயக்கம் வேண்டாம். சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே அந்தப் பிரிவு உண்டு. அங்கே டாமாக்சிஃபென் பற்றிக் கட்டாயம் கூறுங்கள், ஏனெனில் ஃப்ளூவாக்ஸெடின், பராக்ஸெடின் போன்ற சில மனச்சோர்வு மருந்துகள் அதன் பலனைக் குறைக்கக்கூடும்.

உங்கள் கணவரின் மௌனத்தை அருவருப்பு என்று அதற்குள் முடிவு கட்டிவிடாதீர்கள். எதைக் கேட்டால் உங்களுக்கு வலிக்குமோ என்று அவர் அஞ்சிக்கொண்டிருக்கலாம். தழும்பை அவருக்குக் காட்டுவதா, என்றைக்குக் காட்டுவது என்பதெல்லாம் உங்கள் விருப்பம். பேச்சையாவது நீங்களே தொடங்கலாம்.

கோயிலுக்குப் போவதற்கு முன், தையற்காரப் பெண்ணிடம் ரவிக்கையின் உட்புறம் பருத்தித் துணியில் ஒரு பை வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். எடையை மட்டும் அவரிடம் விடாதீர்கள்; வீட்டில் ஒரு நாள் முழுக்க அணிந்து நடந்து பார்த்து, நீங்களே கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.